மேஸ்திரிக்கு ஒரு கோட்டிங்

மதிய இடைவேளையில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை அம்மா. அப்பாவுக்கு மூச்சு முட்டிய நாளில்கூட, மகளின் வேலை கெடக் கூடாதென்று சாயங்காலம் வரை வாயைத் திறக்காதவள்.

“உங்கப்பாவோட கூட்டாளி கண்ணத் தொறக்க மாட்டேங்குது” என்றாள்.

தூங்கியிருக்கும் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். பட்டப்பகலில் அது எப்படித் தூங்கும் என்று அம்மா கேட்டாள். அதைச் சொல்லித்தந்தவர் அப்பாதான். பச்சோந்தி பகலில் கண்ணை மூடிக்கொண்டால் அதற்கு ஏதோ தாங்க முடியாமல் போய்விட்டது என்று அர்த்தம். இருவருக்கும் அது தெரியும்.

“தோல் உரிச்சிட்டு இருந்துச்சே, அது முடிஞ்சுதா இல்லையா?” என்றாள் மகள்.

“எங்க முடிஞ்சுது? கந்தலைச் சுத்திக்கிட்டு நிக்குது.”

மகள் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அப்பா இறந்ததற்கு எடுத்த விடுப்பு முடிந்து, வேலைக்குத் திரும்பி அதிக நாள் ஆகவில்லை. மேலாளர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. பச்சோந்திக்காகப் போகிறேன் என்று அவளும் சொல்லவில்லை.

அப்பா கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். பட்டறையில் அவருக்கு ‘மேட்சிங்’ என்று பேர். இடிபட்டு வந்த காருக்கு ஒரு கதவை மட்டும் மாற்றினால், புதுக் கதவின் நிறம் பழைய உடம்போடு ஒட்ட வேண்டும். டப்பாவில் இருக்கிற நிறத்தை அப்படியே அடித்தால் ஒட்டாது. பழைய பெயின்ட் வெயிலில் வெளுத்திருக்கும். ஒவ்வொரு காரும் ஒவ்வொரு விதமாக வெளுத்திருக்கும். அப்பா காரை ஒரு சுற்று சுற்றி வருவார். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பிறகு சொட்டுச் சொட்டாகக் கலப்பார். வேலை முடிந்ததும் எந்தக் கதவு புதுசு என்று கார்க்காரரிடமே கேட்டு விளையாடுவார். அவர்கள் பெரும்பாலும் தப்பான கதவைத்தான் காட்டுவார்கள்.

தெருவில் நடந்தாலும் அதே கண்தான். யாரோ பெருமையாக ஓட்டிப் போகிற காரைப் பார்த்து, “பின்னாடி நல்லா வாங்கியிருக்கு” என்று முணுமுணுப்பார். மகள் ஒரு பழைய காரை வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோதும் ஒரு சுற்று வந்தார். நல்ல வண்டிதான், மூன்று வண்டி சேர்ந்து ஒரு வண்டி என்றார். அம்மா சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள். மகளுக்கு ஒரு நாள் முழுக்கக் கோபம் ஆறவில்லை.

மாஸ்க் மட்டும் போட மாட்டார். பட்டறையில் மாஸ்க் இருந்தது, ஆணியில் தொங்கியது. மூக்கை மூடினால் கண் மங்குகிறது என்பார். தின்னர் வாசனையைப் பிடித்தே கலவை சரியா என்று சொல்லிவிடுவேன் என்பார். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை. நசுங்கின இடத்தில் பூசும் புட்டியைத் தேய்க்கிற தூசி புருவத்திலும் மீசையிலும் வெள்ளையாக உட்கார்ந்திருக்க வீட்டுக்கு வருவார். முகம் கழுவிய பிறகுதான் அவர் கிழவர் இல்லை என்று தெரியும். சின்ன வயதில் மகளுக்கு அது பெரிய வேடிக்கை. துண்டோடு காத்திருந்து, அப்பா திரும்ப வந்துட்டார் என்று கைதட்டுவாள். பிறகு ஒரு கட்டத்தில், முகம் கழுவிய பின்னும் கிழவராகவே இருந்தார்.

பச்சோந்தி ஒரு காரோடு வந்தது. முழு உடம்புக்கும் நிறம் மாற்றக் கொண்டுவந்த கார். பின்சீட்டில் வலைக் கூண்டு, அதற்குள் ஒரு செடி, செடியில் இது. வேலை முடியும் வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனவர் வரவே இல்லை. காரை எடுக்க வேறு யாரோ வந்தார்கள். பல்லி ஓணான் பற்றியெல்லாம் எங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று கூண்டை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா அதை வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

“பட்டறைக் காத்து அதுக்கு ஆகாது” என்றார் அம்மாவிடம்.

“உங்களுக்கு மட்டும் ஆகுமா?”

“நான் பழகினவன்.”

சொந்தக்காரர்களில் இருக்கிற பச்சோந்திகள் போதாதென்று இது வேறா என்று அம்மா முனகினாள். ஆனால் வெளியே போடச் சொல்லவில்லை. பூச்சி டப்பாவைத் தொட மாட்டேன், கூண்டைத் துடைக்க மாட்டேன், அது என்னைப் பார்த்தால் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்று தெரியாததால் எனக்குப் பிடிக்கவில்லை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அப்பா அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்தார். நம்ம தொழில்காரன், நம்மைவிடப் பெரிய ஆள் என்றார். பட்டறையிலிருந்து நிற அட்டையைக் கொண்டுவந்து கூண்டுக்குப் பின்னால் செருகினார். மேஸ்திரி சிவப்புக்கும் மாறவில்லை, நீலத்துக்கும் மாறவில்லை. வெயில் பட்டால் ஒரு நிறம், எரிச்சல் வந்தால் ஒரு நிறம், தூக்கத்தில் இளம்பச்சை. அப்பா பல நாள் பார்த்துவிட்டு, இவர் கஸ்டமர் சொல்கிற நிறம் அடிப்பவர் இல்லை, மனசில் பட்டதை அடிப்பவர் என்று முடிவுக்கு வந்தார். அதிலிருந்து மரியாதை கூடிப்போனது. மேஸ்திரி சாப்பிட்டார், மேஸ்திரி கோபமாக இருக்கிறார் என்றுதான் பேச்சு.

அதற்குள் அவருக்கு மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. பிறகு வாசல் வரை நடக்க. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். நுரையீரல் இறுகிப்போயிருக்கிறது, இனி பழையபடி ஆகாது என்று மகளைப் பார்த்துச் சொன்னார். அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெள்ளையா இருக்கற எடமெல்லாம் புட்டியா டாக்டர்?”

டாக்டருக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு வந்தது. அது ஊதுகிற காற்று மூக்கையும் தொண்டையையும் காயவைத்ததால், கூடவே குளிர்ந்த புகையாக ஈரம் விடும் இன்னொரு மெஷினும் வந்தது. இரவும் பகலும் ‘ஸ்ஸ்’ என்று ஓடும். அப்பா அதற்கு ஸ்பிரே கன் என்று பேர் வைத்தார். வாழ்நாள் பூராவும் நான் அடித்தேன், இப்போது இது என்மேல் அடிக்கிறது என்றார். எழுந்து நடக்க முடியாமல் போனதும் கூண்டையும் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைக்கச் சொன்னார்.

அந்த அறையில் மேஸ்திரி தோல் உரித்ததை மகள் ஒரு முறை முழுக்கப் பார்த்திருக்கிறாள். முதல் நாள் உடம்பு மங்கி, மேலே மெல்லிய வெள்ளைத் தாள் ஒட்டியது போல் இருந்தது. மறுநாள் காலை அது கிளையில் உரசியது, கண்களைப் பிதுக்கியது, நெளிந்தது. தோல் துண்டு துண்டாகக் கழன்று இலைகளில் தொங்கியது. சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, உள்ளேயிருந்து பளிச்சென்று ஒரு பச்சை. அப்பா தலையணையில் சாய்ந்தபடி ரசித்தார். உப்புத்தாள் இல்லை, பிரைமர் இல்லை, நேராக ஒரே கோட்டிங் என்று இரண்டு மூச்சு இடைவெளி விட்டுச் சொன்னார்.

அதைப் பார்த்துக்கொள்வது எப்படி என்றும் அவர்தான் சொன்னார். தண்ணீரை இலைமேல் தெளிக்க வேண்டும், அதன்மேல் அடிக்கக் கூடாது; சொட்டு நகர்ந்தால்தான் அதற்குத் தண்ணீர் என்று தெரியும். கையில் தூக்கக் கூடாது, பிடிக்காது.

“பேசு. அதுக்குக் காது அவ்வளவாக் கேக்காது. இருந்தாலும் பேசு.”

மகள் எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டாள். அவர் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அது அவருக்கும் தெரியாது.

மகளின் வேலை ஈரத்தோடு. மருந்துத் தொழிற்சாலையில், மாத்திரை அழுத்தும் அறைகளின் காற்றைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பது அவள் பொறுப்பு. கொஞ்சம் ஈரம் ஏறினாலும் மாத்திரை உதிர்ந்துபோகும், மாவு மெஷினில் அப்பும். யாராவது தும்மினால்கூட அவள் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும் என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவள் அகராதியில் ஈரம் என்றால் கோளாறு.

அப்பா இறந்தது ஒரு மத்தியானம். மூச்சு நின்றது. மெஷின் நிற்கவில்லை. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்பிரே கன் புகை விட்டுக்கொண்டே இருந்தது. யாராவது அதை நிறுத்தியிருக்க வேண்டும். மகள் வேலையிலிருந்து வந்து சேரும் வரை யாருக்கும் அது தோன்றவில்லை.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்த கையோடு, மெஷின்களை எடுத்துப் போகச் சொல்லி மகள் போன் செய்தாள். கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்றாள் அம்மா. இன்னொரு நோயாளிக்கு வேண்டியிருக்கும் என்றாள் மகள். அது உண்மைதான். அந்தச் சத்தத்தை இன்னொரு மணி நேரம் கேட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்பதும் உண்மை. அதை அவள் சொல்லவில்லை.

அறையின் சுவரில் ஈரம் ஏறிக் கறுப்புப் புள்ளி பூத்திருந்தது. மெத்தையில் ஒரு பழைய துணி வாடை. மகள் சுவரைத் துடைத்தாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்றை வாங்கி வந்து, கட்டிலைச் சற்று நகர்த்தி அந்த இடத்தில் வைத்தாள். அம்மாவுக்கு மூட்டு வலி. காய்ந்த அறை அவளுக்கு நல்லது. சில நாளிலேயே சுவர் சுத்தமாயிற்று. வாடை போயிற்று. அப்பா இருந்த அறை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மகள் இதைத்தான் செய்யத் தெரிந்தவள், இதை நன்றாகச் செய்தாள்.

தினமும் காலையில் மெஷினின் தொட்டியில் சேர்ந்த தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றுவாள். பிறகு குழாயில் தண்ணீர் பிடித்துவந்து மேஸ்திரியின் இலைகளுக்குத் தெளிப்பாள். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தாள்.

போன் வந்த அன்று மகள் வீட்டுக்கு வந்தபோது அம்மா கூண்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக அந்தப் பக்கமே தலைவைக்காதவள்.

மேஸ்திரி கிளையைப் பிடித்தபடி நின்றது. முதுகில் தோல் பாதி கிளம்பி அப்படியே காய்ந்து, வெயிலில் உரிந்த பழைய பெயின்ட் மாதிரி விறைத்திருந்தது. தலைக் கொண்டையில் ஒரு தொப்பி. இரண்டு கண்களின் மேடுகளிலும் தோல் இறுகி மூடியிருந்தது. கால்கள்தான் மோசம். இடுக்கி போல் பிரிந்த விரல்களில் பழைய தோல் வளையம் வளையமாகச் சுருங்கியிருந்தது. முன்னங்கால் ஒன்றில் விரல் நுனி கறுத்துவிட்டது.

தானாகவே உரியும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் இத்தனை நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

பின்னங்காலில் ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் அவள் கைக்குப் பழைய ஞாபகம் வந்தது. பெயின்ட் படக்கூடாத இடத்தில் ஒட்டிய டேப்பை அப்பா எடுக்கிற விதம்: விளிம்பைக் கிள்ளி, அதன்மேலேயே மடித்து, தகட்டோடு ஒட்டினாற்போல் மெதுவாக இழுப்பார். கோடு பிசிறில்லாமல் நிற்கும். பள்ளி விடுமுறைகளில் அவளும் அந்த வேலை செய்திருக்கிறாள். அவள் கை சுத்தம் என்று அப்பா மற்றவர்களிடம் சொல்வார்.

விளிம்பைக் கிள்ளினாள். மடித்தாள். இழுத்தாள். முதல் துண்டு அழகாக வந்தது. இரண்டாவது துண்டோடு உயிருள்ள தோலும் வந்தது. குண்டூசித் தலை அளவு ரத்தம்.

மேஸ்திரி கண்ணைத் திறக்காமலே கறுத்தது. வாயைப் பிளந்து, காற்று சீறுவது போல் ஒரு சத்தம் போட்டது. அது சத்தம் போட்டு இருவரும் கேட்டதில்லை.

“விடு” என்றாள் அம்மா. “அவர் இருந்தா உன் கைய ஒடிச்சிருப்பார்.”

பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒரு இளம்பெண். கூண்டை அம்மாதான் மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தாள்; மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். டாக்டர் பூதக்கண்ணாடியால் கால்களைப் பார்த்தாள். கறுத்த விரல் போய்விடும் என்றாள். அதைவிட முக்கியம் கண். கண் திறக்காவிட்டால் அது பூச்சியைப் பார்க்காது, தண்ணீரைப் பார்க்காது. பார்க்காததைச் சாப்பிடாது. வயதான உடம்பு வேறு, ரொம்ப நாள் தாங்காது.

“சமீபத்துல எதையாவது மாத்துனீங்களா?”

மகள் வேலையில் அறிக்கை சொல்வது போல் சொன்னாள். விளக்கு அதேதான். செடி அதேதான். பூச்சி அதே கடை. தண்ணீர் தினமும் தெளிக்கிறேன். எதையும் மாற்றவில்லை.

“வீட்டுல?”

“அப்பா இறந்துட்டாங்க.”

டாக்டர் நிமிர்ந்து வருத்தம் சொன்னாள். பிறகு, இது ஆளைத் தேடுகிற பிராணி இல்லை, நான் கேட்பது அறையைப் பற்றி, காற்று, ஈரம் என்று விளக்கினாள். ஈரம் என்ற சொல் விழுந்ததும் மகள் வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா பேசிவிட்டாள்.

“ஸ்பிரே கன் போயிடுச்சு.”

என்ன பெயின்ட், வீட்டுக்குள் அடித்தீர்களா என்று டாக்டர் பதறினாள்.

“பெயின்ட் இல்லம்மா. அவரு மூச்சுக்கு வச்சிருந்தது. பொகையா வரும். ரூமே ஈரமா கெடக்கும். அத இவ திருப்பிக் குடுத்துட்டா.”

குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. மழை விட்டுவிட்டது என்பது போல் சொன்னாள். மகளால் தாங்க முடியாதது அந்தக் குரல்தான். அந்த நிமிடமும் பூட்டிய வீட்டுக்குள் அவள் வாங்கி வைத்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்தும் மெத்தையிலிருந்தும் மேஸ்திரியின் தோலிலிருந்தும் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சித் தொட்டியில் சேர்த்துக்கொண்டிருந்தது. காற்றில் எவ்வளவு ஈரம் என்பதைப் பார்த்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. அவள் மீட்டரை அந்த அறைக்குள் கொண்டுபோகவே இல்லை. துக்க வீட்டுக்கு யார் மீட்டர் கொண்டுபோவார்கள்?

இழுக்காதீர்கள் என்றாள் டாக்டர். குளியலறையை மூடிக்கொண்டு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் அதன்மேல் படக் கூடாது, சூடும் படக் கூடாது, காற்று நனைந்தால் போதும். கண்ணுக்கு இந்தச் சொட்டு மருந்து. தோல் ஊறி, அதுவாக விட வேண்டும். விடுமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றாள். டாக்டர்கள் அந்த வார்த்தையைச் சொல்கிற விதம் அம்மாவுக்கும் மகளுக்கும் பழக்கமானது.

வீட்டுக்கு வந்ததும் மகள் முதலில் அந்த மெஷினை அணைத்தாள்.

குளியலறை சின்னது. ஒரு முக்காலியில் செடித் தொட்டி, செடியில் மேஸ்திரி. கதவிடுக்கில் துண்டு செருகினார்கள். குழாயைத் திறந்ததும் கண்ணாடி மங்கியது, ஓடுகளில் நீர் பூத்தது. மகள் தன் மீட்டரை எடுத்து வந்து, ஏறுகிற எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தக் கருமத்த வெளிய வை” என்றாள் அம்மா. “ஈரமா இருக்கான்னு எனக்குத் தெரியாதா?”

மகள் வெளியே வைத்துவிட்டு வந்தாள். இருவரும் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்கள். சொட்டு மருந்து விடும் நேரம் தவிர யாரும் அதைத் தொடவில்லை. தண்ணீர் ‘ஸ்ஸ்’ என்று விழுந்துகொண்டிருந்தது.

நீண்ட நேரம் கழித்து அம்மா பேசத் தொடங்கினாள். மகளிடமா மேஸ்திரியிடமா என்று தெரியவில்லை. கண் செடிமேல் இருந்தது. பகலில் மகள் வேலைக்குப் போன பிறகு, அப்பா ஸ்பிரே கன்னின் மூக்கை மெல்லக் கூண்டுப் பக்கம் திருப்பிவிடுவாராம். உங்கள் மூச்சுக்கு வைத்ததை அதற்கு எதற்கு அடிக்கிறீர்கள் என்று அம்மா சத்தம் போட்டுத் திரும்ப இவர் பக்கம் வைப்பாளாம். அவள் சமையலறைக்குப் போனதும் மறுபடி திருப்பிவிடுவாராம்.

“மேஸ்திரிக்கு ஒரு கோட்டிங், அப்புறம் எனக்கு ஒரு கோட்டிங்னுவார். சும்மா வெளையாட்டுக்கு. அதுக்கு நல்லதுன்னா நினைச்சார்? ஒண்ணும் நினைக்கல.”

“நீ என்கிட்ட சொல்லவே இல்லியே.”

“என்ன சொல்றது? உங்கப்பா வெளையாடறார்னா?”

மகள் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். அம்மா அவள் முதுகில் கை வைத்தாள். சற்றுப் பொறுத்து, “இந்தச் சத்தம் இருந்தா எனக்குத் தூக்கம் வருது” என்றாள். ஸ்பிரே கன் ஓடுகிற வரைக்கும் அவர் மூச்சு விடுகிறார் என்று அர்த்தம். எழுந்து பார்க்க வேண்டியதில்லை. அது போன பிறகு ஒழுங்காகக் கண் மூடவில்லை என்றாள். சொல்லிக்கொண்டே இருந்தவள் ஓட்டுச் சுவரில் தலை சாய்ந்து தூங்கிவிட்டாள். புடவை நுனி தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. மகள் அதை எடுத்து மடியில் போட்டுவிட்டு, குழாயை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். வெந்நீர் தீர்ந்து பச்சைத் தண்ணீர் வந்தபோதும் நிறுத்தவில்லை.

முதலில் முதுகில் இருந்தது நெகிழ்ந்தது. விறைத்து நின்ற துண்டுகள் துவண்டு இறங்கின. கொண்டைத் தொப்பி கழன்றது. பிறகு மேஸ்திரி வலது கண்ணைப் பிதுக்கியது. மறுபடியும் பிதுக்கியது. சல்லாத் துணி மாதிரி ஒரு சின்னத் தோல் துண்டு கண்மேட்டிலிருந்து நழுவிக் கன்னத்தில் தொங்கியது. அதற்குக் கீழே கறுப்பு மணி போல் ஒரு பார்வை. அது சுவரைப் பார்த்தது, குழாயைப் பார்த்தது, தூங்குகிற அம்மாவைப் பார்த்தது. யாரையும் தேடவில்லை. அது தேடுகிற பிராணி இல்லை என்று டாக்டர் சொன்னது மகளுக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் அது அறை முழுக்கப் பார்த்து முடிக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவள் பேசினாள். அப்பா பேசச் சொல்லியிருந்தார். “மேஸ்திரி” என்று மட்டும் பல தடவை சொன்னாள்.

இடது கண் அன்றைக்குத் திறக்கவில்லை. தினமும் குளியலறையில் உட்கார்ந்தார்கள். சில நாள் கழித்து அந்தத் தோலும் தானாக விழுந்தது. உள்ளே கண் பால்போல் வெளுத்திருந்தது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அது இனி வராது, இருக்கிற ஒன்றைக் காப்பாற்றலாம் என்றாள். விரல் நுனி ஒரு காலைப்பொழுதில் கூண்டின் அடியில் கிடந்தது, மிளகு போல.

மெஷின் வாடகைக்குக் கொடுப்பவரிடம் மகள் நேரில் போனாள். அதே மெஷின் வேண்டும் என்றாள். அது இப்போது வேறு ஒருவர் வீட்டில் இருக்கிறது என்றார். எப்போது வரும் என்று கேட்டாள்; கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. அவள் வேறு ஒன்றை எடுத்து வந்தாள். ஈரம் உறிஞ்சும் மெஷினை மூட்டை கட்டி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்து, மூக்கைக் கூண்டுப் பக்கம் திருப்பினாள். மீட்டரை வைத்துச் சரிபார்த்தாள். எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தது.

அம்மா அறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள்.

“மேஸ்திரிக்கு வேணும்னா ஓடட்டும்” என்றாள். “எனக்காகப் போடாத. இது அந்தச் சத்தம் இல்ல.”

ஒற்றைக் கண்ணால் தூரம் பிடிபடவில்லை. மேஸ்திரி நாக்கை வீசும். பூச்சிக்கு முன்னாலேயே தீர்ந்துபோகும், அல்லது பக்கத்தில் விழும். இலையில் வைத்துப் பார்த்தாள் மகள், கிண்ணத்தில் வைத்துப் பார்த்தாள். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. கடைசியில், மகள் வேலைக்குக் கிளம்பி நின்ற ஒரு காலையில், அம்மா பூச்சி டப்பாவைக் கையில் வாங்கினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள். விரல் நுனியில் பிடித்து, நல்ல கண் இருக்கிற பக்கமாகக் கூண்டுக்குள் கையை நீட்டினாள்.

முதல் வீச்சு தவறியது. இரண்டாவதும் தவறியது. அம்மா கையை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். “வாங்க மேஸ்திரி” என்றாள். அப்பாவின் மரியாதையோடு சொன்னாள்.

மூன்றாவது வீச்சு பூச்சியோடு சேர்த்து அம்மாவின் விரலையும் பிடித்தது. ஈரமான நாக்கு, விரலில் அப்பிக்கொண்டு இழுத்தது. மகள் உதவிக்குக் கை நீட்டினாள். அம்மா தலையசைத்து வேண்டாம் என்றாள். அவள் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. அதுவாக விடும் வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.